திரும்பி வந்த சரக்கு

1933 ஏப்ரல் 1, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, துரிங்கியாவின் ஆல்ட்ஹைம் நகரில், காட்ஸன்ஷ்டைன் குடும்பத்தின் நான்கு மாடிக் கடையை மறித்து நின்ற நாஜிப் பழுப்புச் சட்டைக்காரர்களை அவர்களுடைய பூட்ஸுகளே கடைக்குள் இழுத்துச் சென்றன. அங்கே வாங்கிய பூட்ஸுகள். "யூதன் சாமான் வேண்டாம்!" என்று கத்தக் கத்த அவை படியேறி, திருப்பித் தரும் மேசை முன்னால் போய் நின்றன. பிடிக்காத பொருளை எப்போது கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று அப்பா காலத்திலேயே வாசலில் எழுதி வைத்திருந்தது. தம்பி ஜூலியஸோடு கடையை நடத்திவந்த செல்மா மேசையில் இருந்தாள்.

"பிடிக்கலையா? அதுக்கு ஏன் கத்துறீங்க? கழட்டி வச்சிட்டுப் போங்க."

காலுறையோடு வெளியே வந்தவர்களைப் பார்த்து எதிர்த்த தொப்பிக் கடை ட்ரோகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்னங்கடா, யூதச்சி உரிச்சு அனுப்பிட்டாளா?" திங்கட்கிழமை நகர மன்றத்தில் அவன் யூதர்களைத் திட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது அவனுடைய கால்சட்டை இறங்கி, தெருவைக் கடந்து, கடைக்குப் போய்விட்டது. ரகசியமாக வாங்கியது. தன் துணியே தன்னைக் காட்டிக்கொடுத்ததை ஊர் மன்னிக்கவில்லை. கண்ணாடிகள் உடைந்தன, வேலையாட்கள் நின்றார்கள், பேக்கரிக்காரன் செல்மாவுக்கு ரொட்டி தர மறுத்தான். ஐந்தாண்டுகளில் மாடிகள் நான்கும் திரும்பி வந்த சரக்கால் நிறைந்தன. 1938 நவம்பரில் கடைக்குத் தீ வைத்தவர்களே அணைக்கவும் வந்தார்கள். யூதர்கள் கடை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்து, கடை ட்ரோகருக்குப் போயிற்று. வாசலில் இருந்த எழுத்தை அவன் சுரண்டி எடுத்தான்.

கடல் கடந்து தென் அமெரிக்காவில் இருக்கும் மொண்டெவிடியோவுக்கு இரண்டு விசா கிடைத்தது. செல்மா தம்பியின் சாம்பல் நிற மேல்கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"கிளம்புடா, ஜூலி."

"யாராவது சாமானத் திருப்பிக் கொண்டுவந்தா யாரு வாங்கிக்கிறது, அக்கா?"

"பைத்தியமா நீ? கடையே நம்மளது இல்லடா."

"வாக்கு நம்மளதுதான. நீ முன்னால போ, பின்னாலயே வந்துடறேன்."

அவள் மட்டும் கப்பலேறினாள். மொண்டெவிடியோவில் ஒற்றை அறையில் குடியேறிய மூன்றாம் வாரம், கடல் உப்பு பூத்த ஒரு ஜோடி பூட்ஸ் கதவருகே நின்றது. பிறகு மேசைவிரிப்புகள், குடைகள், ட்ரோகர் புதிதாக விற்ற கம்பளிகள். ஆல்ட்ஹைமில் யாருக்கும் எதுவும் உடம்பில் தங்கவில்லை என்று ஜூலியஸ் எழுதினான். செல்மா எல்லாவற்றையும் துவைத்து அடுக்கினாள். அறை போதாமல் சந்தையருகே கடை பிடித்து, பழைய வாசகத்தை ஸ்பானிய மொழியில் வாசலில் எழுதினாள். ஒவ்வொரு மூட்டை வரும்போதும் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கடிதங்கள் நின்றன.

1942 மே மாதம் ஒரு காலையில் சாம்பல் நிற மேல்கோட்டு வந்தது. பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. உள்ளே யாரும் இல்லை. ஜூலியஸ் அந்தக் கோட்டைப் பிடிக்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வாடிக்கைக்காரி ஒருத்தி விலை கேட்டாள். அது விற்பனைக்கு இல்லை என்று செல்மா சொன்னாள். மேசைக்குப் பின்னால் இருந்த இரண்டாவது நாற்காலியில் அதை மாட்டிவிட்டு, கடையைத் திறந்தாள்.