நல்ல மீன் ஒளிராது

ஆபிதா பானு மீன் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் மகபூப் மாமியும் விடவில்லை.

“ஏட்டி, சட்டிய விடு. மௌத்தான வீட்டுல பழைய கொழம்ப வச்சுக்கிடக் கூடாது. கொட்டிட்டு வாரேன்.”

“கொட்டாதீங்க மாமி. எனக்கு வேணும்.”

“அங்கன ஒங்க வாப்பா கெடக்காரு. இங்கன ஒனக்குச் சூரைமீன் கேக்குதோ?”

அடுக்களையில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மைதீன் பாட்சாவின் மகளுக்கு, தூத்துக்குடி மீன் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளுக்கு, வாப்பா போன அன்றைக்கே மீன் ஆசை வந்துவிட்டது. இந்தச் செய்தி பக்கத்தூர் கரிவலம்வந்தநல்லூர் போய்ச் சேர அடுத்த பஸ் போதும். தெரிந்தேதான் ஆபிதா சட்டியைப் பிடித்திருந்தாள்.

அந்தச் சூரையை வாங்கி வந்தது அவள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மடியில் வைத்து, பஸ்ஸில் நேற்றுக் கொண்டுவந்தாள். ராத்திரி வாப்பா விரலைச் சூப்பிச் சாப்பிட்டார். விடியுமுன் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். சுபுஹு பாங்கு சொல்லும்போது அவர் இல்லை. டாக்டர் வந்து பார்த்து, பழைய அடைப்புதான், ஹார்ட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் நம்பினார்கள். ஆபிதாவால் முடியவில்லை.

சூரை கெட்டுப்போனால் அதில் ஹிஸ்டமின் என்கிற நச்சுப்பொருள் ஊறும். தின்றவர் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது, மோந்து பார்த்தாலும் தெரியாது. கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைப் பாடம் நடத்துவதே அவள்தான். ஜப்பானுக்குப் போகும் மீனைச் சொட்டுச் சொட்டாகச் சோதிப்பவள், வாப்பாவுக்கு வாங்கிய மீனை மட்டும் செவுளைத் தூக்கி, மோந்து பார்த்து, ‘நல்ல மீன்’ என்று தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சட்டியை ஜெயித்த பிறகுதான் அவளுக்கு மூளை வேலை செய்தது. புளிக்குழம்பில் ஹிஸ்டமின் சோதனை எடுபடாது. புளியும் மஞ்சளும் சேர்ந்து, சோதனையில் எழும் வெளிச்சத்தை அமுக்கிவிடும்.

“இந்தாங்க மாமி, கொட்டிருங்க.”

மாமி சட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “பிள்ளைக்குப் புத்தி கலங்கிப்போச்சு,” என்று பொதுவாக அறிவித்தாள்.

ஃபிரிஜ்ஜில், இன்றைக்குப் பொரிக்கலாம் என்று உம்மா எடுத்து வைத்திருந்த அதே மீனின் பச்சைத் துண்டுகள் இருந்தன. மேல்தட்டில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஆபிதாவின் சோதனைப் பெட்டி. லீவு முடிந்து நேரே துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று கையோடு கொண்டுவந்தது.

சோதனை சின்னதுதான். மீன் சாற்றில் ஒரு நொதியை விட்டால், அது ஹிஸ்டமினைத் தின்று பெராக்சைடைக் கக்கும். அடுத்த சொட்டில் இருக்கிற லுமினால் என்கிற மருந்தை அந்தப் பெராக்சைடு சீண்டும். நீலமாக ஒளிரும். மீன் எவ்வளவு கெட்டதோ அவ்வளவு வெளிச்சம். நல்ல மீன் ஒளிராது. பார்ப்பதற்கு இருட்டு வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. சங்கரன்கோவில் பட்டப்பகலில், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருக்கும் மையத்து வீட்டில், இருட்டுக்கு எங்கே போவது?

மீன் துண்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். வேர்த்து ஊற்றியது. மாமி பின்னாலேயே வந்தாள்.

“அழு மக்கா. நல்லா அழுதுரு.”

கம்பளிக்கு மேலாகத் தடவிக் கொடுத்தாள். தடவியது சொட்டு விடும் கையின் முழங்கையை. வேறு வழியில்லாமல் ஆபிதா உள்ளிருந்து ஒரு விசும்பலைக் கொடுத்தாள். மாமி திருப்தியாகப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் கம்பளியின் ஓரம் உயர்ந்தது. உம்மா. காலையிலிருந்து வாயே திறக்காதவள். வாப்பா முகம் பார்க்க வரச்சொல்லி எத்தனை பேர் கூப்பிட்டும் முன்னறைப் பக்கமே போகாதவள்.

“என்னட்டி செய்யுத?”

“மீனப் பாக்குதேன் உம்மா.”

உம்மா குனிந்து கம்பளிக்குள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஓரத்தை இழுத்து மூடிக்கொண்டாள். இருட்டுக்குள் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

“நீ வந்ததும் மீன ஃபிரிஜ்ஜுல வைக்கச் சொன்னேல்லா. நான் வைக்கல மக்கா. எதுத்த வீட்டுல பேசிக்கிட்டே இருந்துட்டேன். கொழம்புக்குப் போட்டது, இது, எல்லாம் ஒண்ணாத்தான் வெளிய கெடந்துச்சு. சாயங்காலம் அஸர் தொழுக வரைக்கும்.”

ஆபிதா கடைசிச் சொட்டைக் குழாயில் விட்டாள்.

இருட்டு.

“ஒண்ணும் தெரியலயே.”

“இருங்க உம்மா.”

பஸ் சூட்டில் மருந்தே செத்துப்போயிருந்தால்? பெட்டியோடு வந்த ஹிஸ்டமின் கரைசலை இன்னொரு குழாயில் எடுத்து, அதே சொட்டுகளை அதே வரிசையில் விட்டாள். நீலம் எழுந்தது. உம்மாவின் மூக்கு நுனியும் நனைந்த கன்னமும் தெரிந்தன.

“இது கெட்டது. நம்ம மீன் இந்தா, இருட்டாக் கெடக்கு பாருங்க. நல்ல மீனும்மா.”

“நெசமாவா?”

“ஜப்பான்காரன் காசு குடுத்துத் திம்பான்.”

“அப்ப அவரு...”

“ஹார்ட்டுலதாம்மா போனாரு.”

இதை இத்தனை சந்தோஷமாக ஒரு மகள் சொல்லலாமா என்று ஆபிதாவுக்கே கூச்சமாக இருந்தது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள் அது அழுகையாக மாறியது. உம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நீலம் மெல்ல மங்கி அணைந்தது.

முன்னறையிலிருந்து தம்பி ரிபாயி கூப்பிட்டான். “உம்மா, மூடப் போறோம். மொகம் பாக்க வாரியளா?”

உம்மா கம்பளியை விலக்கிவிட்டு எழுந்தாள். வேர்த்த முகத்தைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னறைக்கு நடந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாப்பாவையே பார்த்தாள்.

அவருடைய புருவத்தில் சிறு பஞ்சு ஒட்டியிருந்தது. விரல் நுனியால் அதை எடுத்து, ஊதிவிட்டாள்.