காலி அறையின் பதிவு

சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது மூச்சு விடுகிறார்களா என்று சொல்வதுதான், ஆமை என்று நாங்கள் கூப்பிடும் கருவியின் வேலை. உருண்டு போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஆள் இருந்தால் கைத்திரையில் பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கும். நாளை அதைப் படைக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவோ, பல மாதமாகப் பூட்டிக் கிடந்த சோதனை அறைக்குள் ஆள் இருப்பதாகக் காலையிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறது.

கதவைத் திறந்தேன். ஒரு நாற்காலி, ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசி. ஈ காக்கை இல்லை.

கோட்டை உற்றுப் பார்த்தேன். மூச்சு பாதி ஏறி, கொஞ்சம் நின்று, மீதி ஏறியது. என் தலையணைக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் கேட்ட மூச்சு அது. ஆமையை என்னோடு சேர்ந்து செய்து, போன மழைக்காலத்தில் இறந்துபோன என் வீட்டுக்காரருடையது.

காரணம் உடனே புரிந்தது. காலி அறை எப்படி இருக்கும் என்று ஆமைக்கு முதலில் காட்ட வேண்டும். பிறகு அந்தப் பதிவைக் கழித்துவிட்டுத்தான் எந்த அறையையும் பார்க்கும். பதிவெடுத்தவர் இவர். வெளியே போய் நில்லுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். சோம்பேறி மனுஷன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நானெல்லாம் ஒரு ஆளா?" என்று சிரித்தார்.

ஆமை நம்பிவிட்டது. ஒவ்வொரு சோதனையிலும் அவர் அந்த நாற்காலியிலேயே கிடந்ததால் கணக்கும் சரியாக வந்தது. இப்போது இல்லாதவரைக் கழிக்கப் போய், கழித்த மூச்சே கோடாக வருகிறது. இப்படியே கொடுத்தால் ஆளில்லாத வீட்டையெல்லாம் பார்த்துத் துப்பாக்கி நீட்டுவார்கள். பழைய பதிவை அழித்துப் புதிதாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனசு வரவில்லை. அவரைக் கேட்டு போன் வந்தால், "வெளிய போயிருக்காரு" என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன்.

திரையோடு உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டாவது கோடு ஒன்று எழுந்தது. அவர் நிறுத்துகிற இடத்தில் நானும் மூச்சை நிறுத்திப் பார்த்தேன். வெயில் சுவரில் நகர்ந்தது, தூசி மிதந்தது, இரண்டு கோடும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, சந்தோஷமாக இருந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர் கதவுக்கு வெளியே வந்து நின்றார். புதுப் பதிவு எடுத்துவிடலாமா என்றார்.

"உள்ள வேற யாராவது இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்ல சார்" என்றேன். "நான் மட்டுந்தான். இதோ வந்துடறேன்."

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.