தையல் பிரியாமல் இருக்க

செபஸ்தியம்மாள் மகனிடம் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று நாலு காலோடு வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

கர்ப்பப்பையை எடுத்தே தீரவேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டரம்மா சொன்னபோது, குவைத்தில் இருக்கும் ரெமிஜியஸிடம் அவள் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. முன்பு அப்பாவின் சாவுக்கு ஓடிவந்தவன் அவன். அடக்கம் முடிந்து பார்த்தால் திரும்பிப் போக விசா இல்லை. மூன்று வருஷம் திருவையாற்றுக் கடைத்தெருவில் வேலையில்லாமல் சுற்றினான். இப்போது கிடைத்திருக்கிற முதலாளியும் அதே ரகம்தான். இரண்டு வருஷம் முடியுமுன் ஊருக்குக் கிளம்பினால் கிளம்பினதுதான். இன்னொரு தடவை தன்னால் அவன் பிழைப்பு கெடக்கூடாது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை, பத்து நாள் அங்கேயே தங்கப் போகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மாதாவைப் பொய்க்குத் துணை சேர்த்ததற்காகப் பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்தாயிற்று.

பிள்ளையாவது சும்மா இருந்தானா? அம்மா தனியாள், வீடு பத்து நாள் பூட்டிக் கிடந்ததே என்று அங்கே உட்கார்ந்து பயந்திருக்கிறான். திருச்சியில் இருக்கும் கூட்டாளியைப் பிடித்து ஒரு அல்சேஷன் குட்டியை அனுப்பிவைத்துவிட்டான். குட்டி என்பது பேச்சுக்குத்தான். ஏழு மாதத்தில் கன்றுக்குட்டி உயரம். ராக்கி என்று பெயரும் அவனே வைத்திருந்தான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அதனால் அவள் வாயை மூடிக்கொண்டு வாங்கிக் கட்டினாள்.

மூன்று மாதத்துக்குக் குனியக்கூடாது, குந்தக்கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடவே கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. சர்க்கரை இருந்ததால் காயம் ஆறாமல் சீழ் கட்டி, பதினெட்டாம் நாள் மறுபடி தையல் போட்டிருந்தார்கள். இன்னொரு தரம் பிரிந்தால் தன்னால் ஆகாது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இதெல்லாம் ராக்கிக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவளைக் கண்டால் பாயவேண்டும், அவ்வளவுதான். வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டுதான் அவள் வீட்டுக்குள் நடமாடினாள். சோற்றுத் தட்டை விளக்குமாற்றுக் கட்டையால் அதன் பக்கம் தள்ளினாள். குனிந்து முளையில் கட்ட முடியாதென்று சங்கிலியை ஜன்னல் கம்பியில் மாட்டினாள். பக்கத்து வீட்டில் இருந்த கொழுந்தன் மகள் ஜூலியட் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொண்டாள். மீதி நேரமெல்லாம் அந்த நாயும் இவளும்தான்.

அன்று மாதத்தின் முதல் வெள்ளி. காலையிலேயே எலி பிடிக்கிற ரெத்தினம் கொல்லைப் பக்கம் வந்து குரல் கொடுத்தார்.

"அம்மா, பின்னாடி குணசேகரன் வயல்ல பொழுதோட கிட்டி வைக்கப்போறேன். நாயைக் கட்டிப்போடுங்க. பொரி வாசனைக்கு வந்துரும்."

மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டிய எலிப்பொறிதான் கிட்டி. இரையில் வாய் வைத்தால் கயிறு இறுகும். தாளடி நெற்கதிர் பால் கட்டுகிற சமயம், எலிக்குக் கொண்டாட்டம். சாயங்காலம் வரப்போரம் ஊன்றிவிட்டுப் போவார்கள், விடியற்காலையில் வந்து பிடுங்குவார்கள்.

ஐந்தரைக்கு முதல் வெள்ளிப் பூசைக்கு மணி அடித்தது. தெரு மொத்தமும் கோயிலுக்குப் போயிற்று, ஜூலியட்டும் போனாள். வெள்ளிக்கிழமைதான் குவைத்தில் லீவு. ஆறு மணிக்கு ரெமிஜியஸ் போன் செய்வான். செபஸ்தியம்மாள் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, தலையணையோடு உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் கொல்லையில் படீரென்று சத்தம் கேட்டது. துருப்பிடித்த ஜன்னல் கம்பி கழன்று கீழே கிடந்தது. நாயைக் காணவில்லை.

அவள் கொல்லைப் படி இறங்குவதற்குள் வயலில் ஊளை கேட்டது. அது பாதியிலேயே நின்றது.

அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வரப்பில் நடந்தாள். சேற்று வரப்பு, ஒவ்வொரு அடிக்கும் கால் வழுக்கியது. ராக்கியின் வாயையும் மூக்கையும் கிட்டிக் கயிறு சேர்த்துக் கவ்வியிருந்தது. திமிறின திமிறலில் அது வயலுக்குள் உருண்டு, கழுத்துச் சங்கிலி பயிர்த்தூரில் சிக்கிக் கிடந்தது. தலை தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. மூக்கு வெளியே வந்தபோதெல்லாம் குமிழ் குமிழாகச் சேறு வந்தது.

"ரெத்தினம்! யாராவது இருக்கீங்களா?"

யார் இருப்பார்கள்? கோயில் பாட்டுச் சத்தம்தான் காற்றில் வந்தது. அதோடு இன்னொன்றும் கேட்டது. வீட்டில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். போய்ப் பேசி, நல்லா இருக்கேன்டா என்று சொல்லியிருக்கலாம். நாய் செத்தால் செத்துப்போகிறது, கேட்டுவாங்கின நாயா இது? இத்தனையும் அவள் நினைக்கத்தான் செய்தாள். நினைத்துக்கொண்டே சேற்றுக்குள் இறங்கினாள். அதன் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, அவளால் முடியவில்லை.

குந்தினாள். இரண்டு கையையும் அதன் நெஞ்சுக்கடியில் கொடுத்துத் தூக்கினாள். கனம் என்றால் அப்படி ஒரு கனம். தலையை வரப்பில் சாய்த்து, மூங்கிலை முழங்காலால் அமுக்கி, கயிற்றை நகத்தால் நெம்பினாள். போன் நின்றது. மறுபடி அடித்தது. கயிறு தளர்ந்த அதே நேரம் அவள் வயிற்றுக்குள் எதுவோ பட்டென்று பிரிந்தது. வலி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ராக்கி ஒரு தரம் இருமியது, உடம்பை உதறியது, பிறகு முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவள் வயிற்றிலேயே வைத்தது.

"சனியனே," என்று அவள் அழுதாள். புடவை இடுப்பில் சூடாக நனைந்துகொண்டிருந்தது.

நாலு வயல் தள்ளிக் கிட்டி ஊன்றிக்கொண்டிருந்த ரெத்தினம் நாயின் குரைப்பைக் கேட்டு ஓடிவந்தார். கைத்தாங்கலாக அவளை வீடு சேர்த்தார். படி ஏறும்போது மூன்றாம் தடவையாகப் போன் அடித்தது. எடுக்காதீங்க என்று சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. அவர் எடுத்துவிட்டார்.

"தம்பிங்களா? அம்மாவுக்கு ஆபரேசன் பண்ணுன எடத்துல ரத்தமா வருது தம்பி. நான் போயி ஆளக் கூட்டியாறேன்."

ரிசீவரை அவள் கையில் வைத்துவிட்டு அவர் கோயிலைப் பார்த்து ஓடினார்.

"என்ன ஆபரேஷன்மா?"

"கர்ப்பப்பை. ஒரு மாசமாச்சு."

"அப்ப வேளாங்கண்ணி?"

"ஆஸ்பத்திரிதான்டா."

அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இப்பவே கிளம்பி வரேன் என்பான். அதற்குப் பதில் அவளிடம் ஒரு மாதமாகத் தயாராக இருந்தது. வந்தியானா, வாசப்படி மிதிக்க விடமாட்டேன்.

"ஜூலியட் இருக்குல்லம்மா?"

"இருக்கா."

"இப்பக் கிளம்புனா திரும்பி வரமுடியாதும்மா. ஒனக்கே தெரியும்."

"தெரியும்டா."

"நீயும் அதுக்குத்தானே சொல்லாம இருந்த?"

"ஆமா. அதுக்குத்தான்."

அவன் மூக்கை உறிஞ்சினான். அழுதிருப்பான், கெட்ட பிள்ளை இல்லை. நாளைக்குப் போன் பண்றேன் என்று சொல்லி வைத்துவிட்டான். அவள் ஆசைப்பட்டதும் இதுதான், உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினதும் இதுதான். ஆனாலும் வரேன் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்கிற பாக்கியமாவது அவளுக்குக் கிடைத்திருக்கும். வயிற்று வலியைவிட இது பெரிதாக வலித்தது.

பூசையைப் பாதியில் விட்டுவிட்டு ஜூலியட் ஓடிவந்தாள், பின்னாலேயே பாதித் தெருவும் வந்தது. டாக்ஸி வந்து நின்றது. பெரியம்மாவைப் பின் சீட்டில் சாய்த்து, முக்காட்டுத் துணியால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜூலியட் கேட்டாள்.

"அண்ணன்கிட்டச் சொல்லியாச்சா பெரியம்மா? வருதா?"

ஜன்னலோரம் நின்ற பொம்பளைகள் எல்லாரும் பதிலுக்காகக் குனிந்தார்கள்.

"வரேன்னுதான் ஒத்தக்கால்ல நின்னான்," என்றாள் செபஸ்தியம்மாள். "நான்தான் வேணாம்னுட்டேன்."