பொன்னி இழுத்தால் மழை

"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்" என்று டிவியில் சொல்வார்கள். அந்த ஓரிரு இடம் எது என்று கீரப்பாளையத்துக்காரர்கள் யாரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. பெய்யும் என்ற நாளில் வெயில் மண்டையைப் பிளக்கும். வறண்ட வானிலை என்ற மறுநாள் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இப்படிப்பட்ட ஊரில் திருநாவுக்கரசு வீட்டில் மட்டும் நம்பகமான சேதி ஒன்று கிடைத்தது. அது அவனுடைய மகள் பொன்னியின் நெஞ்சு.

பொன்னிக்குக் கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. ஆடிக் காற்றில் புழுதி பறந்தால் இருமுவாள். மார்கழிப் பனியில் மூக்கடைத்துக்கொண்டு திரிவாள். கோடையில்தான் பிள்ளை பிள்ளையாக இருப்பாள். ஆனால் மழைக்கு முன்னால் காற்று கனத்துவிட்டால் போதும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் தெரியாதபோதே அவள் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

நிஷா புயல் வந்த வருஷம்தான் இது ஊருக்குத் தெரிந்தது. மேலுரம் போட யூரியா மூட்டையைத் தூக்கிய திருநாவுக்கரசு, பிள்ளைக்கு இழுக்கிறதே என்று அதை இறக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அன்றைக்குப் பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. தெருவில் மற்றவர்கள் போட்ட உரமெல்லாம் வாய்க்காலோடு போயிற்று. இவன் மூட்டை மட்டும் தப்பியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதை டீக்கடையில் போய்ப் பெருமையாகச் சொன்னான். அவன் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அப்புறம் தெருவே விசாரிக்கத் தொடங்கியது. எதிர்வீட்டு ராசம்மாள் மிளகாய் காயப்போடுவதற்கு முன்னால், "பொன்னி இன்னிக்கி எப்பிடி?" என்பாள். பக்கத்து வயல் சடையப்பன் நடவுக்கு ஆள் சொல்வதற்கு முன்னால், "மச்சான், புள்ளைக்கி இழுக்குதா?" என்பான். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று தோன்றும். பொன்னியின் அம்மா சந்திரலேகாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

"எம்புள்ள மூச்சு வாங்குறது ஒங்களுக்கு ரேடியோ பொட்டியா?" என்று ஒருநாள் கத்தியே விட்டாள். சிரித்துவிட்டுப் போனார்கள். 'பொன்னி இழுத்தா மழ' என்பது தெருவில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் திருநாவுக்கரசு மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்பான். பாசத்தில்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். பாசமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

2011 தை மாதம். பொன்னிக்கு ஏழு வயது முடிந்திருந்தது. சம்பா அறுத்து நெல்லை ரோட்டில் கொட்டியிருந்தான். ஈரப்பதம் பதினேழுக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். முந்தின நாள் இருபது காட்டியது. இன்னும் ஒரே ஒரு நல்ல வெயில் போதும். நனைந்தால் முளைத்துவிடும், வருஷமே போயிற்று. இதையே நாலு நாளாக வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. காலையில் அவன் காதை வைக்கப் போனபோது பொன்னி எட்ட ஓடினாள். "இழுக்கலப்பா. நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தாள். அவனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. நெல்லை ரோட்டில் மெல்லிசாகப் பரப்பினான். மூடுவதற்குப் படுதாகூட எடுத்து வரவில்லை. பொன்னியும் கூடவே வந்து கோழி விரட்டினாள்.

பதினோரு மணி வாக்கில் கிழக்கே கறுத்தது. சடையப்பன் ஓடிவந்தான்.

"மச்சான், அள்ளிடலாமா?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லடா. இது காத்துல ஓடிப்போற மேகம்."

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தான். கோழி விரட்டிக்கொண்டிருந்த பிள்ளையைக் காணோம்.

வைக்கோல் போருக்குப் பின்னால் குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. கையை விலக்கினால் உதடு நீலம் பாரித்திருந்தது. வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினான். சந்திரலேகா வீட்டிலிருந்து இழுப்புக்கு அடிக்கிற மருந்துப் பம்பை எடுத்து வந்து இரண்டு தரம் வாயில் அடித்துப் பார்த்தாள். மருந்து உள்ளே போனதாகவே தெரியவில்லை.

"நெல்ல நான் முடிஞ்சத அள்றேன், நீ கெளம்பு" என்று சடையப்பன் பைக் சாவியைக் கையில் திணித்தான். பிள்ளையை நடுவில் வைத்துச் சந்திரலேகா அணைத்துக்கொள்ள, திருநாவுக்கரசு சிதம்பரத்துக்கு விரட்டினான். டவுனுக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. அவள் முந்தானையால் பிள்ளையை மூடினாள்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் புகை மருந்து வைத்தார்கள். "மூச்ச நல்லா இழு பாப்பா. இழுத்து வுடு" என்றார் நர்ஸ். பொன்னி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மேலுக்கு மேலாகத் துளித் துளியாய் மூச்சு விட்டாள். "இழும்மா, எஞ் சாமில்ல" என்று சந்திரலேகா கெஞ்சினாள். மறுபடியும் தலையாட்டல்தான்.

வார்டின் தகரக் கூரைமேல் மழை கொட்டியது. ரோட்டில் கிடக்கும் நெல் திருநாவுக்கரசுவின் நினைப்பில் வந்துபோனது. இந்த நேரத்திலா அது வரவேண்டும் என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பொன்னி முகத்திலிருந்ததைத் தள்ளினாள். "இழுத்தா... மழ வந்துடும். அப்பா நெல்லு... ரோட்டுல கெடக்கு."

சந்திரலேகா புருஷனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அவன் மகளின் தலையைச் சன்னல் பக்கம் திருப்பினான். "பாரு பாப்பா, மழ வந்துடுச்சி. நீ வாயப் பொத்திக்கினு இருந்தப்பவே கெளம்பிடுச்சி. நீ இழுக்காமதான வந்துது? ஒனக்கும் மழைக்கும் ஒண்ணுமில்லம்மா. அப்பாதான் ஊரெல்லாம் தப்பா சொல்லிட்டேன்."

"நெல்லு?"

"நனஞ்சிடுச்சி. போவட்டும். இனிமே நனையறதுக்கு ஒண்ணுமில்ல. நீ இழு."

பொன்னி சன்னலைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டும் அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். பிறகு இழுத்தாள். நெஞ்சுக்குள் கீச்சென்ற அந்தச் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

"அப்பிடித்தான். இன்னும் இழு" என்று ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.