வராத கட்டடத்தின் நிழல்

கண்டல்முனையில் கட்டடம் வருவதற்கு முன்பே அதன் நிழல் வந்துவிட்டது. வந்தது வைகாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில். அன்று தேங்காய் விலை ஏறியிருந்ததால், ஊரில் பலரும் முதலில் தேங்காயைப் பற்றிக் கதைத்து முடித்துவிட்டுத்தான் நிழலைப் பற்றிக் கதைத்தார்கள். குறிஞ்சாக்கேணிக்குத் தெற்கே கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கிய களப்பை ஒட்டியிருக்கிற சின்ன ஊர் அது. அங்குள்ள பாடசாலைக்கு இரண்டு மாடிக் கட்டடம் தருவதாகச் சொல்லிப் பெரியவர்கள் வந்து, பந்தலில் இருந்து, மாலை வாங்கிக்கொண்டு, அடிக்கல் நாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு தேர்தல் வந்தது, கொரோனா வந்தது, பெற்றோல் வரிசை வந்தது. கட்டடம் மட்டும் வரவில்லை. அடிக்கல்லின் மேல் ஆடுகள் ஏறி நின்று நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன.

நிழலை முதலில் கண்டவர் ஜவ்பர். அடிக்கல்லுக்கு மேற்கேயிருந்த வெறும் மணலில்தான் அவர் கருவாடு காயப்போடுவார். அன்று வெயில் நன்றாக ஏறிய பிறகும் மீனில் ஈரம் போகவில்லை. குனிந்து பார்த்தால் நிழல், நிமிர்ந்து பார்த்தால் வெறும் வானம். அவர் நேரே பாடசாலை அதிபர் றுக்கியாவிடம் போய் முறையிட்டார்.

“ரீச்சர், உங்கட கட்டடம் என்ட கருவாட்டுக்கு மேல விழுந்து கிடக்கு.”

“எந்தக் கட்டடம்?”

“அந்த வராத கட்டடம்தான். வேறென்ன கட்டடம் இருக்கு உங்களுக்கு?”

றுக்கியா வந்து பார்த்தார். ஜவ்பர் சொன்னதில் பிழையில்லை. இரண்டு மாடி, பக்கத்தில் படிக்கட்டு, மேலே விறாந்தைக் கம்பி, மாடிக்கு நாலு யன்னல். யன்னல் இருக்க வேண்டிய இடங்களில் வெயில் சதுரம் சதுரமாக மணலில் விழுந்திருந்தது. மேல்மாடி யன்னல் ஒன்று பாதி திறந்திருந்தது. பழைய மண்டபத்தின் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வெந்துகொண்டிருந்த காலம் அது. றுக்கியா அதிகம் யோசிக்கவில்லை. பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அன்றிலிருந்து காலையில் மேற்குப் பக்கத்தில் பாடம் தொடங்கும். வெயில் ஏறி நிழல் சுருங்கச் சுருங்க வாங்குகளும் கிழக்கே நகரும். நிழல் காலடிக்குள் போனதும் இடைவேளை. ஜவ்பர் இரண்டு கிழமை முணுமுணுத்துவிட்டு, கருவாட்டை வேறு இடத்துக்கு மாற்றினார்.

அந்த நிழலில் சிறந்த இடம் மேல்மாடிதான். அது மணலில் தூரத்தில் போய் விழும், அங்கே காற்றும் கூட. அங்கே இருப்பவர்கள் தரையில்தான் இருந்தார்கள், ஆனாலும் அவர்களுக்குக் கண்டல் மரங்களுக்கு மேலாகத் திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் தெரிந்தன. ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜவ்பரின் மகள் நப்லா அவர்களில் ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. ஆனால் பாடசாலை ஒன்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ஆண்பிள்ளைகள் களப்போரத்து ஒற்றைப்பாதையில் நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பார்கள். பெண்பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள். வருடத்தின் முடிவில் நப்லாவும் நிற்க வேண்டியவள்தான் என்று ஜவ்பர் சொல்லிவிட்டார். அவர் கொடுமைக்காரர் அல்ல. அந்தப் பாதையில் பஸ் இல்லை, விளக்கு இல்லை, யானை உண்டு. றுக்கியா வருடாவருடம் பத்தாம் வகுப்புக் கேட்டார். வகுப்பறை இல்லாத பாடசாலைக்குப் புதிய வகுப்புத் தர ஏலாது என்று வருடாவருடம் பதில் வந்தது.

ஆவணியில் ஒரு செய்தி வந்தது. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கு அரசாங்கம் புதிதாக உதவி செய்யப் போகிறது, எங்கே என்ன குறை என்று பார்க்கக் கல்விப் பணிப்பாளர் ஒருவர் நேரில் வருகிறார் என்றார்கள். பெயர் யேசுரட்ணம், பாலையூற்றில் வீடு. றுக்கியா பெற்றோரைக் கூட்டினார்.

“நிழலைக் கண்டாரெண்டா, இவங்களுக்குக் கட்டடம் இருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போயிருவார். அண்டைக்கு ஒருத்தரும் நிழலுக்க நிக்கப்படாது. அவரும் வெயில்லதான் இருக்கணும். சுட்டாத்தான் விளங்கும்.”

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சத்தமாக ஒத்துக்கொண்டவர் ஜவ்பர். குறித்த நாளில் ஊரிலிருந்த பாய் முழுவதையும் கொண்டுவந்து நிழலின் மேல் விரித்து, பாய் தெரியாமல் கருவாட்டைப் பரப்பினார்கள். கறுத்த கருவாட்டின் மேல் நிழலின் உரு தெரியவில்லை; பார்க்கிறவருக்கு அது மீன் காயப்போடுகிற இடம், அவ்வளவுதான். பிள்ளைகள் சுள்ளென்ற காலை வெயிலில் வரிசையாக இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், அதே வெயிலில், ஒரு கதிரை.

யேசுரட்ணம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, வழுக்கைத் தலை. கதிரையில் இருந்து றுக்கியா சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். லேஞ்சியால் தலையைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், கடைசியில் லேஞ்சியைப் பிழிந்தார். திட்டம் அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவர் ஜவ்பர். கண்டல்முனையில் சண்டை பிடிக்க வந்தவனுக்கும் முதலில் நிழலில் கதிரை போட்டு, குடிக்கக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் சண்டை. வந்த மனிதர் தங்கள் ஊரில் வெயிலில் காய்வதை ஜவ்பரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “எழும்புங்க சேர்,” என்று கதிரையைத் தூக்கினார், காலால் பாயைத் தள்ளினார், இருப்பதிலேயே நல்ல இடமான மேல்மாடியில் கொண்டுபோய்ப் போட்டார். இளநீர் ஒன்றையும் சீவிக் கையில் கொடுத்தார். என்ன செய்துவிட்டோம் என்பது அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

யேசுரட்ணம் இளநீரைக் குடித்துவிட்டுச் சாய்ந்தார். “அங்க சிவப்புக் கப்பல் ஒண்டு நிக்குது,” என்றார். பிறகு தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மணலில் கிடந்த யன்னல் வெளிச்சங்களைப் பார்த்தார். பக்கத்தில் விழுந்திருந்த விறாந்தைக் கம்பியின் நிழலில் மெதுவாக முழங்கையை ஊன்றினார். அது தாங்கியது.

“இது மேல்மாடியா?”

“ஓம் சேர்,” என்றாள் நப்லா. அவளுக்குப் பொய் வராது.

“நல்ல காத்து. எத்தினை வகுப்பறை?”

“எட்டு, சேர்.”

“அப்ப இஞ்ச கட்டடக் குறை இல்லை,” என்று அவர் எழுந்தார். “உண்மையாக் குறை உள்ள இடங்கள் வேற கன இருக்கு.”

நப்லா எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதாள். கையில் வெறும் இளநீர்க் கோம்பையோடு நின்ற ஜவ்பருக்கு, மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இருக்கவில்லை. இனி அவள் எங்கேயும் படிக்கப் போவதில்லை, அதற்குக் காரணம் தான்தான் என்று தன்னையே நொந்துகொண்டார். றுக்கியாவுக்கு வந்த கோபத்தில் ஜவ்பரை அந்த மாடியிலிருந்தே தள்ளிவிட்டிருப்பார். ஜவ்பரை நோக்கி இரண்டு அடி எடுத்துவைத்தவர், நின்று, பணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

“சேர், இஞ்ச கட்டடம் இருக்கு எண்டு நீங்கதானே சொன்னீங்க?”

“ஓம், சொன்னனான்.”

“எட்டு வகுப்பறை?”

“ஓம்.”

“வகுப்பறை இல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் பத்தாம் வகுப்புத் தராம இருந்தீங்க. இப்ப தாங்க.”

யேசுரட்ணம் சிவப்புக் கப்பலை இன்னொரு தரம் பார்த்தார். நேர்மையான மனிதர். இருந்து இளைப்பாறிய இடத்தை இல்லையென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“தரத்தான் வேணும்,” என்றார். “அப்ப ரீச்சர்மாரும் வேணுமே?”

“அதும்தான் சேர். மேசை கதிரையும்.”

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். பத்தாம் வகுப்பு வந்தது, அடுத்த வருடம் பதினோராம் வகுப்பும் வந்தது. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர்கள் வந்தார்கள். லொறியில் மேசை கதிரையும் ஓர் அலுமாரியும் வந்தன. நப்லா முதல் நாள் விடிவதற்கு முன்பே போய், பாதி திறந்த யன்னலின் ஓரமாக வாங்கைப் போட்டுக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருந்தாள். அனுமதி கிடைத்த நாளிலிருந்து நிழல் கனக்கத் தொடங்கியது. ஆடுகள் அதற்குள்ளால் போகாமல் சுற்றிப் போயின. மாரி பிறந்ததும், வெயில் இல்லாவிட்டால் நிழலும் இருக்காதே, பிள்ளைகளை எங்கே வைப்பது என்று றுக்கியா கவலைப்பட்டார். மழை ஊர் முழுவதும் அடித்தது. அந்த இடத்துக்கு மேலே மட்டும் உயரத்தில் நின்று, ஓட்டில் விழுகிற சத்தத்தோடு சரிந்து, நாலு பக்கமும் தாழ்வாரமாக வழிந்தது. பெண்கள் வாளியை வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். அரசாங்கமே ஒத்துக்கொண்ட கட்டடத்தை மழை ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? நப்லா அதற்குள் இருந்து பதினொன்று வரை படித்துச் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தாள். கணக்கில் ஏ. ஜவ்பர் கடைத்தெருவில் கண்டவருக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார், இரண்டு தரம் குடித்தவர்களும் உண்டு.

கல்லும் சீமெந்தும் கடைசியில்தான் வந்தன. மழை நின்ற இடத்தில் மேசன்மார் ஓட்டை வைத்தார்கள், முழங்கை தாங்கிய இடத்தில் கம்பியை வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த யேசுரட்ணம் மாலையைக்கூடக் கழற்றாமல் நேரே மேல்மாடிக்கு ஏறிப்போய்க் கப்பல் பார்த்தார். அதற்கு மேலே உயர்தர வகுப்பும் வந்தது, நப்லாவும் தொடர்ந்து படித்தாள். கட்டி முடிந்த கட்டடத்துக்கு மட்டும் நிழல் விழவில்லை. காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. விழ வேண்டியது முன்பே விழுந்து தீர்ந்துவிட்டது என்று ஊரில் எடுத்துக்கொண்டார்கள். ஜவ்பர் சந்தோஷமாகக் கருவாட்டைப் பழைய மணலிலேயே காயப்போட்டார்.

போன மாதம் ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து ஒரு கதை வந்தது. அங்கேயும் ஒரு பாடசாலை, அங்கேயும் ஆடு ஏறி நிற்கிற அடிக்கல். ஒருநாள் விடியப் பார்த்தால் மணலில் இரண்டு மாடி நிழல், மாடிக்கு நாலு யன்னல், மேலே ஒன்று பாதி திறந்திருக்கிறது. ஜவ்பர் அந்த ஊரில் மீன் வாங்குகிற ஒருவரின் நம்பருக்கு நப்லாவைக் கொண்டு போன் எடுப்பித்தார். அந்தப் பக்கம் ஆள் பேசியதும் சலாமோ சுகமோ கேட்க அவருக்குப் பொறுமை இருக்கவில்லை.

“ஒருத்தர் பார்க்க வருவார்,” என்றார். “அவரை வெயில்ல மட்டும் இருத்திப்போடாதீங்க.”