சும்மாவுக்கு நாளை டூட்டி இல்லை

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். எல்லோரையும் இல்லை. எந்தக் கமாண்ட் எதற்கு என்று ஒரு வரி எழுதிவைக்காமல் கையைத் தட்டிவிட்டுப் போகிறார்களே, அவர்களை.

எங்கள் பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் போடுவது நான். எந்த டிரைவர் எந்த வண்டியை எப்போது எடுப்பது என்பதெல்லாம் ஒரு கறுப்புத் திரைக்குள் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்த கண்ணாடிக்காரர் கமாண்டுகளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கைதிகளுக்கு நம்பர் போட்டதுபோல டி-1, டி-2 என்று போட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதில் ஐந்தாறுதான் எனக்குத் தெரியும். மற்றதைத் தொடப் பயம்.

அன்று மத்தியானம் என் தம்பி மூச்சிரைக்க வந்து மேஜை முன்னால் நின்றான். அவனும் இதே டிப்போவில் டிரைவர்தான்.

“அக்கா, கேஸை முன்னாடியே எடுக்கறாங்களாம். நாளைக்குக் காலைல. வக்கீல் இப்பதான் போன் பண்ணாரு.”

அவனும் அவன் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். மகளுக்கு ஆறு வயது, அம்மாவிடம் இருக்கிறாள். வாரக் கடைசியிலாவது மகள் தன்னோடு இருக்கட்டும் என்று கோர்ட்டில் கேட்டிருந்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவன் நேரில் வந்து நிற்க வேண்டும், நிலையான வேலையில் இருக்கிறான் என்று அன்றைய தேதியில் டிப்போ சான்றிதழ் காட்ட வேண்டும், இரண்டில் எது தவறினாலும் கஷ்டம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

நாளைக் காலை அவனுக்கு வெளியூர் டூட்டி. போட்டது நான்தான்.

மேனேஜரிடம் போய் நின்றேன். மனுஷன் தலையை நிமிர்த்தவே இல்லை.

“சார்ட்டை மூடியாச்சும்மா. இனிமே லீவு குடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. பேரு இருந்து ஆள் வரலேன்னா சஸ்பெண்ட். கம்ப்யூட்டர்ல பேரே இல்லேன்னா, ஸ்பேர் டிரைவரை அனுப்பிட்டுப் போறேன். எனக்கென்ன?”

அதாவது, பெயரை எடுக்க வேண்டும். மூடிய சார்ட்டிலிருந்து ஒரே ஒரு பெயர். டி-4 அதற்குத்தான் என்று எப்போதோ கேள்விப்பட்ட நினைவு. டி-4க்கு உதவி கேட்டேன். ‘டி-9 பார்க்க’ என்றது. டி-9க்குக் கேட்டேன். ‘டி-4 பார்க்க’ என்றது. அடப்பாவி! சரி, டி-4ஐப் போட்டுப் பார்த்தேன். ‘சார்ட் மூடப்பட்டுள்ளது’ என்று கதவைச் சாத்தியது. எல்லாவற்றுக்கும் பொது விளக்கம் என்று ஒரு பக்கம் இருந்தது. ஆகா என்று திறந்தால், ‘விரைவில் சேர்க்கப்படும்’. அவர் போயே பல வருஷம் ஆகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கீபோர்டைத் தூக்கி அடித்திருப்பேன், அது டிப்போ சொத்து.

“என்னக்கா, ஒரு வரியைத்தானே எடுக்கணும்?” என்றான் தம்பி.

“வாயை மூடிட்டு நில்லு. என்னைக் கொலைகாரி ஆக்காதே.”

கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டேன். ஏதோ மீட்டிங்கில் இருந்தாராம்.

“டி-9ஆ? எடுக்கறதுக்குத்தான்னு நெனக்கறேன். போட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்” என்று வைத்துவிட்டார்.

போட்டுப் பார்க்கவும் எங்களிடம் ஒரு வழி உண்டு. இல்லாத டிரைவர் ஒருவரைக் கம்ப்யூட்டரில் வளர்த்து வருகிறோம். பெயர் சும்மா. புதிதாக எதைச் செய்வதென்றாலும் முதலில் சும்மாவின் தலையில்தான் கட்டுவோம். பாவம், ஒரே நாளில் ஏழு பஸ் ஓட்டியிருக்கிறார். ஒத்திகைக்கென்று வைத்திருக்கும் தனிச் சார்ட்டில் அவருக்கு நாளைய டூட்டி ஒன்றைக் கொடுத்து, அந்தச் சார்ட்டை மூடி, டி-9 போட்டேன். சார்ட்டில் சும்மாவைக் காணோம். மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள்.

“நடந்துடுச்சுடா!” என்று கத்திவிட்டேன். தம்பியின் நம்பரைப் போட்டேன். அவன் பெயரும் போயிற்று. மேனேஜர் எட்டிப் பார்த்து, “அப்ப ஸ்பேரை அனுப்பறேன்” என்றார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“போய்ச் சட்டையை இஸ்திரி போட்டு வை. நாளைத் தேதி போட்டுச் சான்றிதழை இப்பவே அடிச்சுத் தர்றேன்” என்றேன்.

சான்றிதழ் பக்கத்தில் அவன் நம்பரைப் போட்டேன். ‘இந்த எண்ணில் பணியாளர் இல்லை.’ மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவனை அப்படியே துடைத்திருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி போன் போட்டுக் கண்ணாடிக்காரரை மீட்டிங்கிலிருந்து இழுத்தேன்.

“ஓ, ஆமா. டி-9 சார்ட்லேர்ந்து எடுக்காதுங்க, ஆளையே வேலையிலேர்ந்து எடுத்துடும். எழுதி வைக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்.”

“திரும்பக் கொண்டு வர்றது எப்படி? அதச் சொல்லுங்க!”

“அதுக்கு கமாண்ட் இல்லியே. ஹெட் ஆபீஸ்ல புதுசாத்தான் சேக்கணும்.”

சும்மாவுக்கு ஏது வேலை, போவதற்கு? அவர் சார்ட்டில் மட்டுமே வாழ்ந்தவர், பணியாளர் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஹெட் ஆபீசில், புதிதாகச் சேர்ப்பதெல்லாம் அடுத்த மாதம்தான் என்றார்கள். மேனேஜரிடம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கெஞ்சினேன்.

“கம்ப்யூட்டர்ல இல்லாத ஆளுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? நாளைக்கு என் வேலை போயிடும்.”

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நானே வந்து ஜட்ஜிடம் சொல்கிறேன் என்று மறுநாள் தம்பியோடு கிளம்பினேன். வேறு என்ன செய்வது?

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

“இன்னிக்கு இவர் உங்க டிப்போவுல வேலையில இருக்காரா?”

“அது வந்துங்க, நான்தான் தெரியாம ஒரு கமாண்டை…”

“இருக்காரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

தம்பி நான் நின்ற கூண்டுப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்ல” என்றேன்.

ஜட்ஜ் நல்ல மாதிரிதான். நான் அழுததையும் பொறுமையாகக் கேட்டார். ஆனாலும் வேலை உறுதியான பிறகு புதிதாக மனுப் போடச் சொன்னார். அதுவரை குழந்தை இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று எழுதினார்.

வெளியே வராந்தாவில் மகள் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா, இன்னிக்கு உனக்கு பஸ் ஓட்டற வேலை இல்லையா?”

“இல்லடா செல்லம்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இல்ல.”

“ஐ!” என்று குதித்தாள். “அப்ப நாளைக்கு என்னைப் பாக்க வருவியா?”

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்குள் அவள் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கி முடிக்கும்வரை குழந்தை எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனாள்.

“வருவியாப்பா?”