இயந்திரம் யோசிக்கிற சத்தம்

வீட்டின் முன்னறைதான் அவளுடைய அழகு நிலையம். ஒரு சுழல் நாற்காலி, ஒரு நிலைக்கண்ணாடி, பின்னறையைப் பிரிக்கும் ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவன் கைபேசியைப் பார்த்துச் சிரித்தான். இந்தப் பக்கம் அவள் கையிலிருந்த கத்தரி நின்றுவிட்டது.

“அண்ணி, என் தலையை அரைகுறையா விட்டுடாதீங்க,” என்றாள் நாற்காலியிலிருந்த நாத்தனார். “அண்ணன் யாரை நினைச்சுச் சிரிக்குது?”

“வேற யாரு? வால் நட்சத்திரம்.”

“வால் நட்சத்திரம் தெரிஞ்சா ராஜாவுக்கு ஆகாதுன்னு சொல்வாங்களே.”

“இங்க ராணிக்குத்தான் ஆகலை. குனி.”

கணவன் ஒரு குழுவில் இருந்தான். பின்னணி இசைப் பித்தர்களின் குழு. அங்கே யாரும் சொந்தப் பெயரில் உலவுவதில்லை. அவன் ஏழாம் கிரகம், அவனோடு ஓயாமல் பேசும் ஒருத்தி வால் நட்சத்திரம். எல்லோரையும் கட்டிப் போட்டிருந்தது ஒரு பழைய தமிழ் விண்வெளிப் படம். தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட ஒரு வீரன், அவனைச் சாகவிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கப்பலின் இயந்திரம், இதுதான் கதை. பாடல்கள் வெளிவந்தன, எல்லோர் வாயிலும் புகுந்தன. பின்னணி இசை மட்டும் தனியாக வரவேயில்லை. வசனத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் அடியில் கிடக்கும் அதைக் காதாலேயே பொறுக்கியெடுத்து, கீபோர்டில் வாசித்து, கைபேசியில் பதிவு செய்து குழுவில் போடுவது இவர்களின் வேலை.

அந்தப் பித்தை அவள் குறை சொன்னதில்லை. தெரிந்துதானே கழுத்தை நீட்டினாள்! கல்யாணத்துக்கு முன் முதன்முதலாக அவளை அழைத்துப் போனதே இந்தப் படத்துக்குத்தான். இயந்திரம் கண்விழிக்கும் காட்சி வந்தபோது, “கண்ணை மூடிக்கோ. பார்க்காதே, கேளு,” என்றான். டிக்கெட் வாங்கிக் கொடுத்துக் கண்ணை மூடச் சொல்கிறானே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூடினாள். ஒற்றைப் புல்லாங்குழல் எங்கிருந்தோ வந்து அந்தக் கப்பலுக்குள் நுழைந்தது. அவனுக்குச் சேர்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

இப்போது சேர்ந்து கேட்பவள் வேறொருத்தி. சோற்றைப் பிசைந்துகொண்டே, “வால் நட்சத்திரம் சொல்றாங்க, அந்தப் புல்லாங்குழல் வீரனோட அம்மாவாம்,” என்பான். பல் துலக்கும்போதுகூட வால் நட்சத்திரம்.

“ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தை மறுபடி போடறாங்க. குழுவே வருது,” என்றான் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்து. “நீயும் வர்றியா? உனக்குக் கடை இருக்குமே.”

கேள்வியும் அவனே, பதிலும் அவனே.

“அண்ணி, கத்தரியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க,” என்றாள் நாத்தனார் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து. “அது என் காது.”

அவன் அலுவலகம் போனதும் அவன் மேசைக் கணினியைத் திறந்தாள். கணவனைச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வயிற்றெரிச்சலுக்கு வெட்கம் ஏது? குழு திறந்தே கிடந்தது. காதல் பேச்சு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

‘ஏழாம் கிரகம், உங்கள் பதிவில் இயந்திரம் விழிக்கும் இடத்தைத் தினமும் கேட்கிறேன்,’ என்று எழுதியிருந்தாள் வால் நட்சத்திரம். ‘புல்லாங்குழலுக்கு அடியில் மெல்லிய உலோகச் சத்தம். இயந்திரம் யோசிக்கிற சத்தம்! படத்தில் இத்தனை தடவை கேட்டும் என் காதுக்கு எட்டவில்லை. உங்களுக்கு எட்டியிருக்கிறது.’

கணவன் பதில் போட்டிருந்தான்: ‘ஆமாம், படத்திலேயே இருக்கிறது. கூர்ந்து கேட்டால்தான் பிடிபடும்.’

அப்படி என்னதான் அந்தச் சத்தம்? அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைப் போட்டாள். புல்லாங்குழல் வந்தது. அதன் அடியில் வந்தது கிரிச், கிரிச், கிரிச்.

அவளுக்குக் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. அது அவள் கத்தரி. முடியைத் தொடாத நேரத்திலும் அவள் கை சும்மா இருக்காது. வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். கை ஓட்டம் விட்டுப்போகாமல் இருக்கத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பலகைத் தடுப்பைத் தாண்டி அது அவன் கைபேசிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

இத்தனை வருஷமாகக் கூடவே கேட்கும் சத்தம். அது அவனுக்குக் கேட்கவில்லை. வேறொருத்தி சொன்ன பிறகு கேட்டது, அதுவும் படத்தில்!

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு, கொஞ்சம் விஷம் கலந்த சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் நடுவில் வைத்து உடைப்பேன். நட்சத்திரத்தின் வாலையும் கிரகத்தின் கொம்பையும் சேர்த்து நறுக்கிவிடுகிறேன்.

“ஞாயித்துக்கிழமை கடையை மூடிடறேன். நானும் வர்றேன்,” என்றாள் அன்று மாலை. ஞாயிறன்று கிளம்பும்போது கத்தரியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தியேட்டரில் கணவனுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் வால் நட்சத்திரம். அழகியாக இருப்பாள் என்று அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள். வந்தவள் அவள் வயதுக்காரி. தலைமுடியை ஏனோதானோவென்று சுருட்டிக் கொண்டை போட்டிருந்தாள். நுனியெல்லாம் பிளந்து கிடந்தது. காது பரிசோதனை நிலையத்தில் வேலையாம். ‘ஊரார் காதைப் பார்க்கிறவள் என் வீட்டுக் காதையும் பார்த்துவிட்டாள்,’ என்று எண்ணிக்கொண்டாள்.

இயந்திரம் விழிக்கும் காட்சி வந்தது. குழு மொத்தமும் கண்ணை மூடியது. புல்லாங்குழல் வந்தது, போனது. அடியில் ஒன்றுமே இல்லை.

“இல்லையே,” என்று முணுமுணுத்தாள் வால் நட்சத்திரம்.

கணவன் கைக்குட்டையைத் தேடுவது அவளுக்கு இருட்டிலேயே தெரிந்தது.

படம் விட்டதும் வெளிக்கூடத்தில் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“பிரிண்ட் பழசுங்க, அதான்,” என்றார் ஒருவர்.

“பிரிண்ட் மேல பழி போடாதீங்க. ஏழாம் கிரகம், எங்க கேட்டீங்க அதை?” என்றாள் வால் நட்சத்திரம்.

“இல்ல… நீங்க எழுதினதும் என் பதிவுல கேட்டுச்சு. படத்துலதான் இருக்கும்னு நான்…” அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

இதுதான் அவள் காத்திருந்த வேளை. வாயைத் திறந்தாள். அதற்குள் வால் நட்சத்திரம் முந்திக்கொண்டாள்.

“கீபோர்டுப் பெட்டியில வர்ற தாளம் இல்ல அது. மனுஷக் கை. கடகடன்னு போகும், திடீர்னு ஒரு இடத்துல தயங்கும். ஏதோ நோகடிச்சிடுவோமோன்னு பயப்படற மாதிரி. அப்புறம் மூச்சு விட்டுட்டு மறுபடி ஓடும். அந்தத் தயக்கத்துக்காகத்தாங்க நான் தினமும் கேக்கறேன்.”

அவள் கைப்பையைத் திறந்தாள். மனதில் தீட்டி வைத்திருந்த கூர் வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

“அது காது,” என்றாள்.

“என்னங்க?”

“காதுகிட்ட வந்தா கத்தரி தயங்கும். பட்டுடக் கூடாதில்ல?” கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். காற்றில் ஓடவிட்டாள். கிரிச், கிரிச், கிரிச். இல்லாத ஒரு காதின் ஓரம் வந்து தயங்கினாள். பிறகு மறுபடி ஓடவிட்டாள்.

வால் நட்சத்திரம் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள். கணவன் ஒருவன்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். கத்தரியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு கணவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. வால் நட்சத்திரம் அவள் கையைப் பிடித்து ஓரத்துப் பெஞ்சுக்கு இழுத்துப் போனாள். எந்தக் கத்தரி, சுருட்டை முடிக்குச் சத்தம் மாறுமா, ஈர முடிக்கு? ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்ல, இரண்டு காபிக் கோப்பைகளோடு அவன் தூண் ஓரம் நின்றுகொண்டேயிருந்தான். காபி ஆறிப்போனது.

திரும்பும்போது பேருந்தில், நாலாவது நிறுத்தத்தில் அவன் கேட்டான்.

“அவ்வளவு நேரம் என்னதான் பேசினீங்க?”

“சும்மாதான். வியாழக்கிழமை முடி வெட்டிக்க வர்றாங்க.”

“வியாழக்கிழமையா? நான் வேணா லீவு போடட்டுமா?”

“எதுக்கு? உங்களுக்கு ஆபீஸ் இருக்குமே.”

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “பதிவு பண்ணது நான்,” என்றான் கண்ணாடியிடம்.

“கத்தரி என்னோடது.”

எட்டிப் பார்த்தாள். மூக்கு நுனி சிவந்து, உதடு பிதுங்கி, பந்தியில் இலை கிடைக்காதவன்போல் உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்குமோ? அவளுக்குப் பாவமாக இருந்தது. பார்க்க இதமாகவும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

“எனக்கும் முடி வளர்ந்துடுச்சு,” என்றான் கடைசியில். தெருமுனைக் கடையில் வெட்டிக்கொள்பவன் அவன். அவள் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. “நாளைக்குக் காலையில வெட்டி விடறியா?”

“வரிசையில வாங்க.”

“யாராவது இருக்காங்களா வரிசையில?”

“இல்ல,” என்றாள் அவள். “ஆனா கண்ணை மூடிக்கிட்டு உட்காரணும்.”